ஜப்பான்காரிக்கு ஒரு கண்ணாடி

சிங்கப்பூரில் இறங்குகிறவர்கள் முதலில் கட்டடங்களைத்தான் பார்ப்பார்கள் என்று கப்பலில் கூட வந்த ஒருவர் சொல்லியிருந்தார். நான் கட்டடம் எதையும் பார்க்கவில்லை. துறைமுகத்திலிருந்து அத்தை வீட்டுக்குப் போன டாக்ஸியில் இடது ஜன்னலுக்கும் வலது ஜன்னலுக்குமாக நகர்ந்து நகர்ந்து கார்களைப் பார்த்துக்கொண்டே போனேன். சாலை முழுக்க ஜப்பான் கார்கள். நானும் அண்ணனும் பழைய பத்திரிகைகளில் வெட்டி எடுத்து ஒட்டி வைத்திருந்த கார்களெல்லாம் இங்கே சிக்னலுக்காக அலுப்போடு காத்துக்கொண்டு நின்றன.

"சீட்ல ஏதாச்சும் கடிக்குதா?" என்றான் ரேமண்ட். அவன் அத்தை மகன். ராணுவச் சேவையை முடித்துவிட்டு வேலையில் சேரக் காத்திருந்ததால், எனக்கு ஊரைச் சுற்றிக் காட்டும் பொறுப்பு அவன் தலையில் விழுந்திருந்தது.

"கார் பார்க்கறேன்."

"கார் பார்க்கவா கோயம்புத்தூர்லேர்ந்து வந்தே?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் வீட்டில் சொல்லி அனுப்பிய காரணம் வேறு. அண்ணன் ஜோவுக்குத் தை மாதம் கல்யாணம். அப்பாவின் ஒரே தங்கைக்குப் பத்திரிகையைத் தபாலில் அனுப்பினால் காலத்துக்கும் குத்திக்காட்டுவார்கள், யாராவது நேரில் போய்த்தான் வைக்க வேண்டும். அப்பாவால் ஃபவுண்டரியை விட்டு நகர முடியாது. அம்மாவுக்குக் கடல் என்று சொன்னாலே தலை சுற்றும். டிப்ளமோ முடித்துவிட்டு வேலைக்கு மனுப் போட்டுக்கொண்டிருந்த என்னைப் பட்டுச் சேலை, பத்திரிகை, முறுக்கு டின் சகிதம் கப்பலேற்றினார்கள். அந்தச் சாமான்களோடு ஒரு பிளாஸ்டிக் குழாயும் வந்தது. அதற்குள் தினத்தாள்களை மைதாப் பசையால் ஒட்டி வெட்டிய பெரிய காகிதச் சுருள் ஒன்று இருந்தது. என்னுடைய காரணம் அதுதான்.

எங்கள் வீட்டுப் போர்ட்டிகோவில் ஒரு ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார் நிற்கிறது. நானும் ஜோவும் அதை ஜப்பான்காரி என்போம். இரண்டே கதவு, ஆறு சிலிண்டர், இங்கிருந்து அங்கே வரை மூக்கு. எந்தக் காலத்திலோ ஒரு மில் முதலாளியின் மகன் வெளிநாட்டிலிருந்து ஆசையாகக் கொண்டுவந்தது. மில் நொடித்துப்போய்ப் பழைய தறிகளை ஏலம் விட்டபோது அவற்றோடு சேர்ந்து எங்களிடம் வந்தது. நானும் ஜோவும் எஞ்சினைப் பிரித்துக் கோத்து ஓட வைத்துவிட்டோம். பிரேக் பிடிக்கிறது. ஹாரன்கூட அடிக்கிறது. முன் கண்ணாடி மட்டும் கிடையாது, வாங்கும்போதே இல்லை. கோவையிலும் இல்லை, சென்னையிலும் இல்லை, பம்பாய்க்கு எழுதினால் பதிலே இல்லை.

அப்பா கெடு வைத்துவிட்டார். "கண்ணாடி இல்லாத கார் கார் இல்ல அம்மிணி, தொட்டி. கல்யாணப் பந்தல் போட வர்றதுக்குள்ள அதுல கண்ணாடி இருந்தா இருக்கட்டும். இல்லீன்னா பழைய இரும்புக்காரன் வந்து இழுத்துட்டுப் போவான்."

அதனால்தான் அந்தக் காகிதம். கண்ணாடி உட்காரும் சட்டத்தின் மேல் தினத்தாளை விரித்து, ஓரம் பிசகாமல் கரிக்கோடு இழுத்து, கத்தரித்து, ஜோவும் நானும் எடுத்த அச்சு அது. அந்த அச்சுக்குப் பொருந்தும் கண்ணாடி சிங்கப்பூரில் எங்காவது இருந்தே ஆக வேண்டும் என்பது எங்கள் கணக்கு.

அத்தை வீடு தேக்கா மார்க்கெட்டுக்கு மேலே எழும்பியிருந்த புது அடுக்குமாடியில். காலையில் கண் விழிக்கும்போதே கீழேயிருந்து மீன் வாசமும் மல்லிகை வாசமும் ஒன்றையொன்று முந்திக்கொண்டு மேலே வரும். மறுநாளே பத்திரிகையை வைத்தேன். அத்தை அதை மாதா படத்துக்கு முன்னால் வைத்து ஜெபித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பொண்ணு என்ன நிறம்?" என்று கேட்டார்கள். வீட்டார் கொடுத்த வேலை முடிந்தது.

என் வேலை கீழ்த்தளத்து ரொட்டிக் கடையில் தொடங்கியது. ரொட்டி பராட்டாவை நம் ஊர்ப் பரோட்டா போல அடித்து நொறுக்குவதில்லை, விசிறி எறிந்து கண்ணாடி மாதிரி மெலிதாக்கி மடிக்கிறார்கள். மீன் குழம்பில் தோய்த்து மூன்று தின்றேன். டீக்காரர் ஒரு முழ உயரத்திலிருந்து டீயை இழுத்து ஆற்றுவதைப் பார்த்து, நம் ஊர் மாஸ்டர்களும் இதைத்தானே செய்கிறார்கள் என்று ரேமண்டிடம் சொன்னேன். "ஊரு ஊருன்னு ஒப்பிடாதே லா. சாப்பிடு," என்றான். அந்த லா இங்கே எல்லாப் பேச்சுக்கும் ஒட்டுகிற வால்.

பிறகு ஜாலான் புசார் பக்கத்து உதிரிபாகக் கடைகள். என்ன சொல்வது, எனக்கு அது நகைக்கடைத் தெரு. கடை வாசலில் எஞ்சின்கள் வாழைத்தார் மாதிரி தொங்குகின்றன. கியர்பாக்ஸ்களைச் செங்கல் போல அடுக்கியிருக்கிறார்கள். பாதியாக அறுத்த கார்களின் முன்பாகம் மட்டும் வரிசையாக முகத்தைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. "பத்து வருஷம் தாண்டினா ரோட் டாக்ஸ் கூடிடும். நல்லா ஓடற வண்டியைக்கூட அறுத்துப் போட்டுடுவாங்க," என்றான் ரேமண்ட். நான் ஒரு நல்ல கதவைத் தடவிக்கொண்டே நின்றேன். கோவையில் இந்தக் கதவு ஒன்றைப் பார்த்தால் ஜோ அதைக் கட்டிக்கொண்டு தூங்குவான்.

முதல் கடைக்காரர் சீனர், பனியனும் அரைக்கால் சட்டையுமாக இருந்தார். காரின் படத்தைக் காட்டியதும் தலையை ஆட்டினார். சுருளை விரித்ததும் அதே தலையை வேறு திசையில் ஆட்டினார். மலாய் மொழியில் ஏதோ சொன்னார்.

"படம் தெரியும், காகிதம் தெரியலைங்கறாரு," என்று ரேமண்ட் மொழிபெயர்த்தான்.

"காகிதம்தான் சரியான அளவுன்னு சொல்லு."

சொன்னான். அவர் காகிதத்தைத் திருப்பிப் பிடித்துப் பார்த்துவிட்டு நீளமாகப் பேசினார். ரேமண்ட் சுருக்கமாகச் சொன்னான்: "இந்த மாதிரி கார் ஜப்பான்ல செய்யலையாம்."

அடுத்த கடையிலும் இதேதான். அதற்கடுத்த கடையில் ஒருவர் சிரித்தே விட்டார். விற்க மனமில்லாதவர்கள், சோம்பேறிகள் என்று நான் முடிவு கட்டினேன். திரும்பும்போது பஸ்ஸில் குழாய் நழுவி முன்னால் உட்கார்ந்திருந்த அம்மாளின் கொண்டையில் இடித்தது. அவர் திரும்பிப் பார்த்து, "கல்யாணத்துக்குப் பாய் வாங்கினீங்களாம்மா?" என்று அன்பாகத் தமிழில் கேட்டார். ரேமண்ட் அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை ஓஃபியர் ரோட்டு மாதா கோயிலில் தமிழ்ப் பூசை. பூசை முடிந்து முற்றத்தில் கோப்பியும் கறிபஃப்பும் கொடுப்பார்கள். ஊர்க்கதை அங்கேதான் நடக்கிறது. அத்தையைச் சுற்றி ஒரு பெண்கள் கூட்டம், என்னைச் சுற்றி இன்னொன்று.

"ரேமண்டுக்கு மொறைப் பொண்ணு. பத்திரிகை வைக்க வந்தாளாம், பத்திரிகை."

"அதுக்குக் கப்பல்ல வரணுமா? புரியுது லா."

"ரெண்டு பேரும் ஜாலான் புசார்ல கைல ஏதோ சுருட்டிக்கிட்டுச் சுத்துனாங்க, நான் பார்த்தேன்."

ரேமண்ட் காது சிவக்க, "ஆன்ட்டி, இவ மாப்பிள்ளை தேடி வரல. காருக்குக் கண்ணாடி தேடி வந்திருக்கா," என்று சத்தமாகவே சொல்லிவிட்டான். காரின் பெயரையும் சொன்னான். ஒரு கணம் முற்றமே கறிபஃப்பை மெல்லுவதை நிறுத்தியது.

கூட்டத்தின் விளிம்பிலிருந்து ஒரு பெண் முன்னால் வந்தார். முப்பது, முப்பத்திரண்டு வயது இருக்கும். பூப்போட்ட சட்டை, நகத்தின் ஓரத்தில் கறுப்பு. அந்தக் கறுப்பு எனக்குத் தெரியும். எவ்வளவு சோப்புப் போட்டாலும் ஞாயிறு பூசைக்குள் போகாத கிரீஸ் அது.

"எந்த வருஷ மாடல்?" என்றார்.

எனக்கு அந்த இடத்திலேயே அவர் காலில் விழலாம் போல இருந்தது.

ரோஸி அக்கா ஆஸ்பத்திரியில் நர்ஸ். கணவர் லிம், சீனர், தபால் இலாகாவில் வேலை. இருவருக்கும் குழந்தை இல்லை, எங்கள் ஜப்பான்காரியின் உடன்பிறப்பு ஒன்று இருந்தது. அன்று மதியமே தோ பாயோவில் அவர்கள் அடுக்குமாடிக்குப் போனோம். கீழே கார் நிறுத்துமிடத்தில் போர்வையை உருவி எடுத்தார் லிம். கத்தரிப்பூ நிறம், அகலச் சக்கரங்கள், சக்கரத்துக்கு மேலே ரிவெட் அடித்த இமைகள். நான் அதைச் சுற்றிச் சுற்றி வந்தேன்.

"இங்க கீழ வச்சுக் கழட்ட முடியாது. எண்ணெய் சிந்துனா கம்ப்ளெயின்ட் ஆயிடும். எல்லாம் மேலதான்," என்றார் ரோஸி அக்கா.

மேலே என்றால் ஏழாவது மாடி. லிஃப்ட் எல்லா மாடியிலும் நிற்காது, ஒரு மாடி நடக்க வேண்டும். அந்த ஒரு மாடியைக் கியர்பாக்ஸைத் தூக்கிக்கொண்டு ஏறியிருக்கிறார்கள். வீட்டுக்குள் சோபாவுக்குப் பக்கத்தில் அந்த உபரிக் கியர்பாக்ஸ் மேஜை விரிப்புப் போட்டு உட்கார்ந்திருந்தது, மேலே பூச்சாடி. சமையலறையில் மிளகாய்த்தூள் டப்பாக்களுக்கு அடுத்து மூன்று உபரிக் கார்புரேட்டர்கள். பரணில் இன்னொரு செட் சக்கரம், சாதாரண சக்கரம்.

"அது இன்ஸ்பெக்ஷன் சக்கரம்," என்று சிரித்தார் ரோஸி அக்கா. "கவர்ன்மென்ட் இன்ஸ்பெக்ஷனுக்கு முன்னாடி எல்லாத்தையும் கழட்டி, கம்பெனில வந்த மாதிரி மாட்டிடுவோம். நல்ல பிள்ளையா போயிட்டு வரும். வந்த உடனே திரும்ப இதை மாட்டுவோம். கோயிலுக்குப் போறப்ப ஒரு உடுப்பு, ஆட்டத்துக்கு ஒரு உடுப்பு."

"யாரு மாட்டுவாங்க?"

"நான் போல்ட். லிம் திட்டு வாங்கறது."

லிம் அதற்குள் படுக்கையறைக்குப் போய்க் கட்டிலுக்கு அடியிலிருந்து எதையோ இழுத்துக்கொண்டிருந்தார். போர்வை சுற்றிய முன் கண்ணாடிகள், மூன்று. எங்காவது இந்த மாடலை அறுக்கிறார்கள் என்று காதில் விழுந்தால் போதுமாம், மனிதர் ஓடிப்போய்க் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு வந்துவிடுவார். அவர் ஆங்கிலத்தில் சொன்னதன் சாரம்: "நீ ஒன்றை எடுத்துக்கொள். ரோஸிக்குப் பெருக்கவாவது இடம் கிடைக்கும்."

 கண்ணாடியைக் கூடத்தில் மெத்தை மேல் படுக்க வைத்து, குழாயைத் திறந்து, காகித அச்சை அதன்மேல் விரித்தேன்.

பொருந்தவில்லை.

ஓர் ஓரத்தைச் சேர்த்தால் மறு ஓரம் ஒரு சாண் உள்ளே நின்றது. கண்ணாடி படகு மாதிரி வளைந்து சரிந்திருந்தது, எங்கள் காகிதம் மாவுப் பலகை மாதிரி இருந்தது. ரேமண்ட், "தலைகீழா வச்சுப் பாரு," என்றான். பார்த்தோம். லிம் காகிதத்தை எடுத்துக்கொண்டு கீழே போய்த் தன் கார்மேல் வைத்துப் பார்த்துவிட்டு வந்தார். ஜாலான் புசார்க் கடைக்காரர்கள் எல்லோரும் என் மனக்கண்ணில் வரிசையாகத் தலையை ஆட்டினார்கள்.

"உங்க கார் வாங்கறப்ப சட்டத்துல ஏதாச்சும் வேலை பார்த்திருந்தாங்களா?" என்று கேட்டார் ரோஸி அக்கா.

இல்லை என்று சொல்ல வாயெடுத்தவள் நிறுத்தினேன். சட்டத்தின் இரண்டு பக்கத் தூணிலும் பெயின்டுக்கு அடியில் விரற்கடைக் கனத்துக்கு, பள்ளத்தை மூடப் பூசும் பட்டி இருந்தது. எங்கோ இடித்திருப்பார்கள் என்று நினைத்திருந்தோம்.

லிம் காகிதத்தை எதிரே தூக்கிப் பிடித்துக் கண்ணைச் சுருக்கினார். பிறகு ஒரு கையால் காற்றில் குண்டான ஒரு காரை வரைந்தார். நெற்றி, தொப்பை, பின்பக்கம். அவர் படித்த பள்ளிக்கூடத்தில் ஓர் ஐரிஷ் ஃபாதர் அந்த மாதிரிப் பழைய இங்கிலீஷ் கார் வைத்திருந்தாராம், அதன் கண்ணாடி இதே வடிவமாம்.

அந்தக் குண்டுக் கார் எனக்குத் தெரியாதா? அதற்கு நம் ஊரில் அம்பாசடர் என்று பெயர். பிறந்ததிலிருந்து அப்பாவின் அம்பாசடரில் முன்சீட்டில் உட்கார்ந்து பார்த்த கண்ணாடிதான் அது. ஜப்பான் கண்ணாடி உடைந்து போய், வேறு கிடைக்காமல், மில்லில் யாரோ ஒரு டிங்கர் எங்கள் காரின் நெற்றியையே வெட்டி வளைத்து அம்பாசடர் கண்ணாடிக்கு ஏற்றபடி மாற்றியிருக்கிறார், பிறகு அந்தக் கண்ணாடியும் எப்படியோ போயிருக்கிறது. நாங்கள் அந்த ஓட்டையை அளந்து, பசை போட்டு ஒட்டி, கடல் தாண்டிக் கொண்டுவந்திருக்கிறோம். எங்கள் வீட்டிலிருந்து சைக்கிளில் போனால் அந்தக் கண்ணாடி நாலு கடையில் தொங்கும்.

நான் இதைச் சொல்லி முடித்தபோது ரோஸி அக்கா மெத்தை மேல் விழுந்து சிரித்தார். ரேமண்ட் கியர்பாக்ஸ்மேல் சாய்ந்து சிரித்தான். எனக்கும் அடக்க முடியவில்லை. லிம்முக்கு ஆங்கிலத்தில் மறுபடி சொன்னேன். அவர் எங்கள் எல்லோரையும்விட அதிக நேரம் சிரித்தார்.

"அப்ப உனக்குக் கஷ்டமில்ல," என்றார் ரோஸி அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு. "ஊருக்குப் போ, அந்தக் கண்ணாடியை வாங்கு, மாட்டு. உங்கப்பா கெடுவுக்குள்ள முடிஞ்சுது."

அது சரிதான். அதோடு விட்டிருந்தால் இந்தக் கட்டுரை இல்லை. ஆனால் அவர் அடுத்து, "வா, ஒரு ரவுண்டு போலாம்," என்று சாவியை எடுத்தார்.

இரண்டு பேர் கார். லிம்மும் ரேமண்டும் மேலேயே தங்கிவிட்டார்கள். ரோஸி அக்கா சாவியைத் திருப்பியதும் மூன்று கார்புரேட்டரும் ஒன்றாக மூச்சை இழுத்தன. எதிர் அடுக்குமாடியில் ஒரு குழந்தை அழ ஆரம்பித்தது. கிழக்குக் கடற்கரை விரைவுச்சாலையில் ஏறினோம். நம் சாலைகளில் ஓட்டுகிறவர் மாட்டையும் குழியையும் பார்ப்பார். இங்கே பார்க்க ஒன்றுமே இல்லை, ஓட்டுவது மட்டும்தான். நடுவில் பூத்தொட்டிகள், ஒரு பக்கம் கடல், கடலில் ஊர்வலம் மாதிரிக் கப்பல்கள். நான் அவற்றையெல்லாம் அந்தக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். தாழ்வாக, சரிவாக, ஓரத்தில் மெல்ல வளைந்து போகிற கண்ணாடி. நீண்ட மூக்கும் அதன் இரண்டு தோளும் முன்னால் பாய்ந்துகொண்டே இருந்தன, சாலை அடியில் உருவிக்கொண்டு போனது.

சாங்கியில் நிறுத்தி வாழை இலையில் நாசி லெமாக் தின்றோம், தேங்காய்ப்பால் சோறும் பொரித்த மீனும் காரமான சம்பாலும். வண்டி நிறுத்திய நேரத்தைக் காட்டக் கிழித்து வைக்கும் கூப்பனை ரோஸி அக்கா தப்பாகக் கிழித்துவிட்டு லிம்மைத் திட்டினார், அவர் ஏழாவது மாடியில் இருந்தார். பாசிர் ரிஸ் கடற்கரைவரை போய்த் திரும்பினோம். மண்சாலை, தென்னை, தூரத்தில் புது வீடுகளுக்கு நட்ட கம்பங்கள்.

"என்ன பேச்சே காணோம்?" என்றார் திரும்பும் வழியில்.

"எங்க காருக்கு அம்பாசடர் கண்ணாடி போட்டா, உள்ள உட்கார்ந்தா அம்பாசடர்தான் தெரியும்."

"தெரியும்தான்."

"எனக்கு இது வேணும்க்கா."

"நெத்தியைத் திரும்ப வெட்டணும். தூணை நிமித்தணும். கல்யாணத்துக்குள்ள முடியுமா?"

முடியுமா என்று எனக்குத் தெரியாது. அன்று மாலை அத்தை வீட்டிலிருந்து கோவைக்கு ஃபோன் பதிவு செய்து காத்திருந்தேன். ஜோவை எதிர்பார்த்தேன், அப்பா எடுத்தார். பேசக் கிடைக்கும் நேரம் கொஞ்சம், அதனால் மூச்சு விடாமல் சொன்னேன். டிங்கர் வேலை, அம்பாசடர், காகிதம், நாலு கடை, இங்கே இருக்கும் அசல் கண்ணாடி, நெற்றியை வெட்ட வேண்டும் என்பது, எல்லாம்.

 கடல் இரைவது மாதிரி லைன் இரைந்தது.

"உள்ளூர்க் கண்ணாடிய மாட்டுனா ஒரு நாள் வேலை," என்றார் அப்பா.

"ஆமாங்கப்பா."

"கெடு மாறாது அம்மிணி. பந்தல்காரன்கிட்ட நாள் சொல்லியாச்சு."

"தெரியுமுங்க."

"அப்புறம் எதுக்குங் கண்ணு..." லைன் அறுந்தது.

அவர் வேண்டாம் என்றாரா, கேள்விதான் கேட்டாரா? ரேமண்டிடம் கேட்டேன். "கேள்விக்குப் பதில் சொல்லாமலே கொண்டு போ," என்றான். அவனுக்குப் படிப்பை விடப் புத்தி அதிகம் என்று முதல்முறையாகத் தோன்றியது.

கொண்டு போவது லேசாக இல்லை. அந்தக் கண்ணாடி எந்தக் காரிலிருந்து வந்ததோ அதே வகைக் காருக்குள் படுக்க வைத்தால் நுழையவில்லை. டாக்ஸிக்காரர்கள் பார்த்ததும் ஓடினார்கள். கடைசியில், மலேசியாவின் ஜொகூரிலிருந்து உட்லண்ட்ஸ் வழியாகத் தினமும் தேக்காவுக்கு வாழை இலை கொண்டுவரும் லாரிக்காரரை ரேமண்ட் பிடித்தான். வழியில் தோ பாயோவில் ஏறி, இலைக் கட்டுகளுக்கு நடுவே கண்ணாடியும் நானும் குளுகுளுவென்று அத்தை வீட்டுக்கு வந்தோம். லிம் அங்கே வந்து பலகை அடித்துப் பெட்டி செய்து கொடுத்தார், ரப்பர் பட்டையையும் உள்ளே வைத்தார். உடையாமல் போய்ச் சேர அத்தை பெட்டியின்மேல் பெரிய மாதா படம் ஒன்றை ஒட்டினார்கள்.

அது நன்றாக வேலை செய்தது. கப்பலில் ஏற்றியவர்களும் சென்னையில் இறக்கியவர்களும் மாதா சுரூபம் என்று நினைத்து நாலு பேராகத் தூக்கினார்கள், ஒருவர் சிலுவை போட்டுக்கொண்டார். சுங்க அதிகாரி பலகையை நெம்பி உள்ளே பார்த்துவிட்டு, "மாதா கெபிக்குக் கண்ணாடியாம்மா?" என்றார். "காருக்குங்க," என்றேன். முகம் மாறிவிட்டது, வரி போட்டார்.

கோவையில் வீட்டு வாசலில் வண்டி வந்து நின்றபோது விடிந்துகொண்டிருந்தது. இறங்கிப் போர்ட்டிகோவுக்கு ஓடினேன். ஜப்பான்காரிக்கு நெற்றியே இல்லை. இரண்டு தூணும் பட்டியெல்லாம் சுரண்டப்பட்டு நிர்வாணமாக நின்றன. வெட்டி எடுத்த அம்பாசடர்ச் சட்டம் செம்பருத்திச் செடிக்குக் கீழே கிடந்தது.

"ஜோ, கண்ணாடி வரும்னு உனக்கு யார் சொன்னா?"

"அப்பா ஃபோனை வச்சுட்டு, 'அவ கொண்டுவருவா, நீ வெட்டு'ன்னாரு," என்றான் ஜோ. அவன் கண் பெட்டியிலேயே இருந்தது. "ஒடையாம இருக்குதா?"

அதை நான் பார்க்கவில்லை. சுங்கத்தில் ஒரு ஓரம்தான் திறந்தது. இப்போது உள்ளே விரிசல் இருந்தால் அசலும் இல்லை, அம்பாசடரும் இல்லை, வெட்டின நெற்றியோடு இரும்புக்காரனுக்குத்தான் போகும். ஜோ ஆணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினான். அப்பா காபி டம்ளரோடு வந்து நின்றார், குடிக்கவில்லை. கடைசிப் போர்வையை நான் விலக்கினேன். வெளிச்சம் அதன் வளைவில் ஓடி மறு ஓரம்வரை தடங்கலில்லாமல் போனது.

 ஜோ ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், தூக்கி அடிச்சட்டத்தில் வைத்தோம். இன்னும் வெல்டிங் இருக்கிறது, ரப்பர் மாட்டவில்லை, வெறுமனே சாய்த்துத்தான் வைத்தோம். ஆனால் அது தன் இடத்துக்கு வந்து உட்கார்ந்த சத்தம், ஒரு மெல்லிய தொப், இன்னும் காதில் இருக்கிறது.

அப்பா டம்ளரை அம்மாவிடம் கொடுத்தார். கதவைத் திறந்து, மெதுவாகக் குனிந்து, ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தார். ஸ்டியரிங்கைப் பிடித்தார். மூக்கைப் பார்த்தார், தோள்களைப் பார்த்தார், வாசல்வரை பார்த்தார். நானும் ஜோவும் கண்ணாடியை ஆளுக்கொரு பக்கம் தாங்கிப் பிடித்துக்கொண்டு அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

"மழை வந்தா என்னடா பண்ணுவீங்க?" என்றார் உள்ளேயிருந்து. "வைப்பர் எங்கே?"

இரும்புக்காரனுக்குக் கொடுக்கப்போகிற காருக்கு யாரும் வைப்பர் கேட்க மாட்டார்கள்.